அரண்மனை உப்பின் மேல் ஓலை

உப்பளக் கரையில் ஒரு கோபுரம் இருந்தது. அதன் உச்சியில் நாலு பேர் முறைவைத்து வானத்தைப் பார்ப்பார்கள். மழைக்குறி தெரிந்தால் சிவப்புக் கொடி ஏற்றுவார்கள். கொடியைக் கண்டதும் கரையில் உள்ளவர்கள் உப்புக் குவியல்களைப் பனையோலையால் மூடிவிடுவார்கள். அந்த நாலு பேருக்கும் அரண்மனை நெல் அளந்து வந்தது.

அந்த நெல்லை நிறுத்தப் போவதாகச் செய்தி வந்தது. அமைச்சர் விருத்தகிரி மறுநாள் காலை கரையிலேயே சபை கூட்டுவார். ஊருக்காகப் பேச வேண்டியவள் தில்லைநாயகி. அவளும் உப்பளக்காரிதான். நெல் நின்றால் கோபுரம் காலியாகும். பிறகு ஒரு கோடை மழை போதும், வருஷத்து உழைப்பெல்லாம் கரைந்து போகும்.

அவள் தன் குரு மருதவாணரிடம் ஓடினாள்.

“சாமி, எனக்குச் சபையில் பேச வராது. கொடி எத்தனையோ தரம் பொய்த்திருக்கிறதே என்று அமைச்சர் கேட்பார். பொய்த்தது உண்மைதானே?”

“உண்மைதான்.”

“அப்புறம் நான் என்ன சொல்வது?”

“நானும் வருகிறேன். சாப்பிட்டாயா?”

“சோறு இறங்கவில்லை, சாமி.”

“கஞ்சி இருக்கிறது. குடி.”

மறுநாள் விடியும்போதே கொடி ஏறியிருந்தது. ஊரார் அவசரமாக மூடிவிட்டுச் சபைக்கு வந்தார்கள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

அமைச்சர் அண்ணாந்து பார்த்தார். “மேலே வேட்டி காயப் போட்டிருக்கிறார்களா?”

சபை சிரித்தது.

“இதற்கா அரண்மனை நெல் கொடுக்க வேண்டும்? கோபுரம் வேண்டாம் என்பவர்கள் கையைத் தூக்குங்கள்.”

கைகள் எழுந்தன. தில்லைநாயகியின் கொழுந்தன் கையும் எழுந்தது.

“நீயுமா?” என்றாள்.

“ஓலை சுமந்து சுமந்து முதுகு போய்விட்டது, மதினி.”

அவள் குருவைத் திரும்பிப் பார்த்தாள். குரு எழுந்தார்.

“அமைச்சர் சொல்வது சரி. கொடி பொய் என்றால் ஓலை எதற்கு? எல்லாரும் போய்க் குவியலைத் திறந்துவிட்டு வந்து கையைத் தூக்குவோம். அரண்மனை உப்பிலிருந்தே தொடங்கலாம்.”

அரண்மனைப் பங்கு உப்பு சபைக்கு எதிரிலேயே குன்றுபோல் கிடந்தது. அதன் மேலும் ஓலை.

“இதை யார் மூடச் சொன்னது?” என்றார் அமைச்சர்.

“கொடி ஏறிவிட்டதே, ஐயா,” என்றான் காவலாள். “திறக்கட்டுமா?”

அமைச்சர் வானத்தைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். உப்பை வெகுநேரம் பார்த்தார்.

“இன்றைக்கு இருக்கட்டும்.”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கொழுந்தன் தலையைச் சொறிவதற்காகவே தூக்கியதுபோல் சொறிந்துகொண்டான்.

தில்லைநாயகி எழுந்து நின்றாள். குரல் தானாக வந்தது.

“அப்படியானால் நெல்லும் இருக்கட்டும், ஐயா.”

அமைச்சர் அவளைப் பார்த்தார். மெல்லத் தலையசைத்தார். கரை முழுக்கப் பெண்கள் குலவையிட்டார்கள். கோபுரத்தின் மேலிருந்து நாலு தலைகள் எட்டிப் பார்த்தன.

அன்று பொழுது சாயும்வரை ஒரு தூறல்கூட இல்லை. தில்லைநாயகி மறுபடி குருவிடம் வந்தாள்.

“சாமி, ஜெயித்தோம். ஆனால் இன்றும் மழையைக் காணோமே. அமைச்சர் திரும்பி வந்து கேட்டால்?”

“அரண்மனை உப்பைத் திறந்துவிட்டார்களா?”

“அதெப்படித் திறப்பார்கள்? கொடி இன்னும் இறங்கவில்லையே.”

“அவர் கேட்டால் இதையே சொல்,” என்றார் குரு.