வறண்ட நிலத்தில் முங்கிய ஜீப்

மலையுச்சியில் சொகுசு விடுதி கட்டினால், கீழே ஏழு ஊருக்குத் தண்ணீர் தரும் ஓடை என்ன ஆகும் என்று ஆராய டாக்டர் சந்தானகோபாலன் வந்தார். வரும்போதே அறிக்கை தயாராக இருந்தது. "உச்சியிலுள்ள புல்வெளி வறண்ட தரிசு, அடியில் ஊற்றே இல்லை" என்று நாற்பதாம் பக்கத்தில் போட்டிருந்தார். உள்ளூர்ச் சாட்சியின் கையெழுத்துதான் பாக்கி.

வழிகாட்டக் கூலிக்கு வந்த போஜனிடம் பேனாவை நீட்டினார். "போடுய்யா. இல்லேன்னா நாளையிலேருந்து உனக்கு வேலை கிடையாது."

"போடறேன் ஐயா. ஆனா அந்தப் புல்லுல நாங்க மாட்டைக்கூட விடமாட்டோம். வறண்ட நிலம்தானா?"

"படிச்சவன் நானா, நீயா?" என்று டாக்டர் ஜீப்பை நேராகப் புல்வெளிக்குள் விட்டார். முப்பதடி போனதும் ஜீப் அச்சுவரை முங்கியது. டாக்டர் அதன் கூரைமேல் ஏறிக்கொண்டார்.

"ஓடிப்போய் பக்கத்து எஸ்டேட் டிராக்டரைக் கூட்டிட்டு வா."

"காரணம் எழுதின கடுதாசி இல்லாம தரமாட்டாங்க ஐயா. வறண்ட நிலத்துல வண்டி எப்படி முங்கும்னு கேப்பாங்க."

டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்: "புல்வெளிக்கு அடியில் ஊற்று. கால் வைத்த இடமெல்லாம் தண்ணீர். டிராக்டரை உடனே அனுப்பவும்." கையெழுத்துப் போட்டு, சட்டைப்பையிலிருந்த முத்திரையையும் குத்தினார்.

டிராக்டர் வந்து ஜீப்பை இழுத்ததும், டாக்டர் சாட்சிக் கையெழுத்துக் கேட்கக்கூட நிற்காமல் கிளம்பினார். கடிதத்தைப் போஜன் எஸ்டேட்டில் கேட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

மறுவாரம் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கலெக்டர், "நாற்பதாம் பக்கத்துக்குச் சாட்சி எங்கே?" என்றார்.

போஜன் எழுந்து கடிதத்தை நீட்டினான். "அதுக்குச் சாட்சி கிடைக்கலீங்க. இதுக்கு டாக்டரே கையெழுத்துப் போட்டிருக்காரு."