பதினொரு பக்கம் தில்லைநாயகம்

"மோர்சிங் பேச மாட்டேங்குது, டீச்சர்" என்றார் மாசிலாமணி.

செலின் டீச்சர் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா?"

"ஆறு மாசமா. சுண்டினா டிக் டிக்னு பல்லுல இடிக்குது. ரீங்காரம் வரல."

அவர் கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் இரும்பு வளையம். நடுவே மெல்லிய நாக்கு. வளையத்தை முன்பற்களில் வைத்து நாக்கை விரலால் சுண்டினால், வாயே குடமாகி முழங்கும். நாற்பது வருஷம் அப்படித்தான் முழங்கியது.

"கருவி பழசாயிடுச்சோ?"

"மூணு மாத்திட்டேன்."

"பல்லு?"

"பல் டாக்டர் பார்த்துட்டு, கருங்கல் மாதிரி இருக்குன்னார். தேயுதுன்னு மட்டும் சொன்னார்."

"எதனால தேயுதாம்?"

"அது எனக்கெதுக்கு? மூச்சுலதான் கோளாறுன்னு நினைக்கிறேன். அதான் உங்ககிட்ட வந்தேன்."

செலின் டீச்சருக்கு அவரைவிட இருபது வயது குறைவு. புதுச்சேரியில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய பஞ்சுக் கிடங்கில் யோகா சொல்லிக்கொடுத்தார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் ஏதோ ஒரு தேசத்து இசையைக் கொண்டுவர வேண்டும். அதைப் பற்றி ஒரு தடி நோட்டில் ஒரு பக்கம் எழுத வேண்டும். யார் வாசிப்பது, எந்த வீட்டில், எதற்காக. முதலில் அந்தப் பக்கத்தைப் படிப்பார்கள். பிறகு இசை. அந்த இசைக்குள்தான் ஆசனம்.

தாலாட்டு வந்தால் நெற்றி முழங்காலைத் தொடும். கல்யாண மேளம் வந்தால் ஒற்றைக் காலில் நிற்கிறவர்கள் ஆடிவிடுவார்கள். டீச்சர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

"ரெண்டு வாரத்துல ஐத்தாலினா வர்றாங்க" என்றார் டீச்சர். "சைபீரியாக்காரங்க. அங்கேயும் இதே இரும்புதான். கோமுஸ்னு பேரு. உங்களோட சேர்ந்து வாசிக்கணும்னு ஆசைப்படறாங்க."

"அன்னைக்கும் சத்தம் வரலைன்னா இதைக் கடல்ல போட்டுடுவேன். முடிவு பண்ணிட்டேன்."

டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். அதிலிருந்து ஒரு பொட்டுக்கடலை.

"இதை முன்பல்லு நடுவுல வச்சுக்குங்க, ஐயா. கடிக்கக் கூடாது. விழவும் கூடாது."

"எவ்வளவு நேரம்?"

"சும்மா இருக்கிற நேரமெல்லாம்."

"மூச்சுப் பயிற்சி?"

"அது தானா நடந்துக்கிட்டுதான் இருக்கு. அப்புறம், உங்க கருவியைப் பத்தி நோட்டுல ஒரு பக்கம்."

"நான் அஞ்சாம் கிளாசோட நின்னவன், டீச்சர்."

"உங்க மோர்சிங் எத்தனாவது படிச்சிருக்கு?"

நோட்டை வாங்கிக்கொண்டு போனார்.

*

நாலாம் நாள் வந்தார்.

"கடலை நிக்க மாட்டேங்குது."

"விழுந்துடுதா?"

"உடைஞ்சுடுது."

"எப்போ?"

மாசிலாமணி கூரையைப் பார்த்தார்.

"அந்த மிருதங்கக்காரன் தில்லைநாயகம் நினைப்பு வரும்போது. ஆறு மாசமா அது ஜாஸ்தி."

"அது எப்பெப்ப வரும்?"

"கடலையை வச்ச உடனே."

டீச்சர் டப்பாவில் பாதியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

*

பத்தாம் நாள் நோட்டோடு வந்தார். விரல் நுனியில் மை. முகத்தில் கொஞ்சம் பெருமை.

டீச்சர் புரட்டினார்.

"ஒரு பக்கம்தானே கேட்டேன்?"

"பதினொண்ணு ஆயிடுச்சு."

டீச்சர் நின்றபடியே முழுவதும் படித்தார். ஓர் இடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்கினாரோ என்னவோ.

"தில்லைநாயகம் இருக்கார். அவர் மூக்குக்கண்ணாடி இருக்கு. அவர் மச்சான்கூட இருக்கார். மோர்சிங் எங்க?"

"வருது. பன்னெண்டாம் பக்கத்துல."

"பன்னெண்டாம் பக்கம்?"

"இனிமேதான் எழுதணும்."

*

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஐத்தாலினா வந்தாள். குட்டையான பெண். கன்னம் இரண்டும் சிவப்பு. பனியிலிருந்து வந்தவளுக்குப் புதுச்சேரியின் காலை வெயிலே போதவில்லை போல, ஜன்னல் ஓரத்திலேயே உட்கார்ந்தாள். தன் கோமுஸை எடுத்து மாசிலாமணியின் மோர்சிங் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் மாதிரி இருந்தன.

அவள் கையால் சைகை செய்தாள். வாசியுங்கள்.

மாசிலாமணி பல்லில் வைத்துச் சுண்டினார்.

டிக்.

இன்னொரு முறை.

டிக்.

அவர் அதை மடியில் வைத்துவிட்டுக் கடல் இருக்கும் திசையைப் பார்த்தார்.

"முதல்ல பக்கத்தைப் படிச்சிடுவோம்" என்றார் டீச்சர். "நீங்களே படிங்க, ஐயா. எல்லாரும் படுத்துக் கண்ணை மூடிக்குங்க. ஐயா மூச்சு இழுக்கும்போது இழுங்க. அவர் விடும்போது விடுங்க. அவ்வளவுதான் இன்னைக்கு."

இருபது பேர் படுத்தார்கள். மாசிலாமணி நோட்டைத் திறந்தார். மூச்சை இழுத்தார். இருபது பேரும் இழுத்தார்கள்.

"பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால ஒரு திருவிழாக் கச்சேரியில, மிருதங்கம் தில்லைநாயகம், கடம் வேறொருத்தர், மோர்சிங் நான், பாட்டு முடிஞ்சு தாளம் வாசிக்கிற நேரம் வந்துச்சு, அதுல மிருதங்கம் முதல்ல, அப்புறம் கடம், கடைசியா மோர்சிங், அப்புறம்தான் எல்லாரும் சேர்ந்து முடிக்கணும், இது உலகத்துக்கே தெரியும், தில்லைநாயகத்துக்கும் தெரியும், கடம் முடிச்சார், நான் மோர்சிங்கைப் பல்லுல வச்சேன், வச்ச உடனே தில்லைநாயகம் என்னைப் பார்த்தான், பார்த்துட்டு, பார்த்துட்டுதான், நேரா முடிவுக்குப் போயிட்டான், ரெண்டு நிமிஷம், என் பங்கு ரெண்டே நிமிஷம்…"

மூச்சு விட்டால் அந்த இடைவெளியில் தில்லைநாயகம் தப்பித்து ஓடிவிடுவான் என்பது போலப் படித்தார்.

முன்வரிசையில் ஒருவர் முகம் சிவந்தது.

"…கீழ இறங்கினேன், சுண்டல் வாங்கிட்டு வந்த ஒருத்தன் என்னைக் கேக்கறான், ஏன் சார், மேடையில ஓரமா உக்காந்து பல்லு குத்திக்கிட்டிருந்தீங்களே, நீங்க பாடகருக்குச் சொந்தமான்னு…"

"ஐயா" என்றார் தையல்காரர் பஷீர் பாய், படுத்தபடி, திணறிக்கொண்டே. "மூச்சை விடுங்க. நான் பிரஷர் மாத்திரை சாப்பிடறவன்."

இருபது மூச்சும் ஒன்றாக வெடித்தன.

ஒரு பெண் குப்புறப் புரண்டு சிரித்தாள். பஷீர் பாய் தொப்பியால் விசிறிக்கொண்டார். யாரோ "பல்லு குத்திக்கிட்டு" என்று திரும்பச் சொல்ல, அடங்கிய சிரிப்பு மறுபடி கிளம்பியது.

மாசிலாமணி கோபமாக எல்லோரையும் பார்த்தார். கோபத்தோடேயே அவர் வயிறு குலுங்கியது. பிறகு தோள். பிறகு வாயை முழுதாகத் திறந்து, கண்ணில் நீர் வர, அவரும் சிரித்தார்.

ஐத்தாலினா மட்டும் விழித்தாள். டீச்சர் அவளருகில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. ஏதோ கேட்டாள்.

"என்ன கேக்கறாங்க?" என்றார் மாசிலாமணி, கண்ணைத் துடைத்தபடி.

"அன்னைக்கு அந்த ரெண்டு நிமிஷத்துல நீங்க என்ன வாசிக்கிறதா இருந்தீங்கன்னு கேக்கறாங்க."

அவர் துண்டை மடித்தார். பிரித்தார்.

பத்தொன்பது வருஷமாக இதைச் சொல்லி வந்திருக்கிறார். மனைவியிடம், மருமகனிடம், முடிவெட்டுகிறவரிடம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம். எல்லோரும் தில்லைநாயகத்தைப் பற்றித்தான் கேட்டார்கள்.

"ஏழு ஏழா ஒரு அடுக்கு" என்றார் மெல்ல. "மூணும் நாலும். தகிட தகதிமி. மூணு சுத்து போகும். மூணாவதுல நடுவுல ஒரு இடம் வெறுமனே விட்டுட்டு… சொன்னாப் புரியாதும்மா, அது இப்படி…"

சொல்வதற்கு வாய் போதாமல் மோர்சிங்கை எடுத்து வைத்தார்.

முழங்கியது.

கிடங்கின் தகரக் கூரைவரை போய்த் திரும்பியது. படுத்திருந்தவர்களுக்கு அது முதுகெலும்பில் கேட்டது. மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டார். முதல் சுற்று. இரண்டாவது சுற்று. மூன்றாவதில் அந்த வெற்றிடம் வந்தது. பத்தொன்பது வருஷம் யாரும் தொடாததால் அப்படியே இருந்தது.

அந்த இடத்தில் ஐத்தாலினா நுழைந்தாள்.

அவளுக்கு ஏழுக் கணக்கு தெரியாது. அவளிடம் குதிரை இருந்தது. உறைந்த ஆற்றின் மேல் ஓடும் குதிரை, பனி உருகிச் சொட்டும் ஓசை, தூரத்தில் ஏதோ ஒரு பறவை. ஏழிலும் குதிரை ஓடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எழுந்திருங்க" என்றார் டீச்சர். "மரம் மாதிரி நில்லுங்க."

இருபது பேரும் ஒற்றைக் காலில் நின்றார்கள். ஒரு மரமும் நிற்கவில்லை. எல்லா மரமும் ஆடின. பஷீர் பாய் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆடினார்.

இரண்டு நிமிஷம் கேட்ட மனிதர் முக்கால் மணி நேரம் வாசித்தார். மிருதங்கம் இல்லாததால் யாரும் குறுக்கே வரவில்லை.

முடிந்ததும் எல்லோரும் வியர்வையைத் துடைத்தார்கள். ஐத்தாலினா அவர் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ தில்லைநாயகத்தை மன்னிச்சாச்சா?" என்றார் பஷீர் பாய்.

"அவனையா? நான் எதுக்கு மன்னிக்கணும்? இந்த அடுக்கை ஒரு தடவைகூடக் கேக்க அவனுக்குக் குடுத்துவைக்கல பாருங்க. அது போதும் அவனுக்கு."

சொல்லிவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"பேனா குடுங்க. பன்னெண்டாம் பக்கம் எழுதணும்."

டீச்சர் பேனாவைக் கொடுத்தார்.

மாசிலாமணி தரையில் குனிந்து, ஒவ்வொரு சொல்லாக உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"மோர்சிங் வாசிக்க வருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டக் கூடாது. ஒட்டினால் மோர்சிங்கின் நாக்கு பல்லில் இடிக்கும். சத்தம் வராது. இரண்டுக்கும் நடுவே ஒரு பொட்டுக்கடலை அளவு…"

பேனா நின்றது.

மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தார்.

டீச்சர் டப்பாவைத் திறந்து, ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டு, நறுக்கென்று கடித்தார்.