கெட்டுப்போன குளம்

மலையடிக் காடு ஒன்றில் காட்டுப்பன்றிகளும் புள்ளிமான்களும் ஒரே குளத்தில் தண்ணீர் குடித்து வந்தன. பன்றிகளுக்குச் சூரியன் சாமி. விடிந்ததும் குளத்துச் சேற்றை நெற்றியில் பூசிக்கொண்டு கும்பிடும். மான்களுக்கு நிலா சாமி. சாயங்காலம் குளத்தில் கால்களை நனைத்துவிட்டு வணங்கும். இதனால் ஒருநாளும் தகராறு வந்ததில்லை.

அந்த வருடக் கோடை பொல்லாததாக இருந்தது. குளம் வற்றி, ஒரு கூட்டம் குடிக்கும் அளவுக்கே தண்ணீர் மிஞ்சியது.

பன்றிகளின் தலைவன் வல்லன் எல்லாரையும் கூப்பிட்டான். மான்கள் கால் வைத்துப் புனிதச் சேற்றைக் கெடுத்துவிட்டன, சூரியசாமிக்குக் கோபம், அதனால்தான் குளம் வற்றுகிறது என்றான். நாளைக் காலை அவற்றை முட்டித் துரத்த வேண்டுமாம். இளம் பன்றிகள் அப்போதே மரங்களில் கோரைப்பற்களைத் தீட்டத் தொடங்கின.

முன்வரிசையில் நிற்கும்படி சேந்தன் என்ற பன்றிக்கு உத்தரவு. அவனைப் போல் பக்தியுள்ள பன்றி அந்தக் காட்டிலேயே கிடையாது. மான்களோடு சேர்ந்து இலுப்பைப் பூ தின்று வளர்ந்தவன். அவற்றின் வயிற்றைக் கிழிக்க அவனுக்கு மனம் வரவில்லை. போகாவிட்டால் சாமிக் குற்றம் ஆகிவிடுமோ என்றும் பயம். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான்.

"தலைவரே, கெட்டுப்போன குளம் நமக்கு எதற்கு? பாறைக்குக் கீழே நல்ல செம்மண் இருக்கிறது. இனி அதைப் பூசிக்கொள்வோம். குளத்தை மான்களுக்கே விட்டுவிடலாம். சாமி கோபமும் தீரும்" என்றான் பணிவாக.

"முட்டாள், அப்புறம் குடிக்கத் தண்ணீருக்கு எங்கே போவது?" என்று சீறினான் வல்லன்.

பல் தீட்டும் சத்தம் நின்றது.

வல்லனின் அக்காள் மெல்லக் கேட்டாள்: "தாகம்தானா விஷயம், தம்பி? அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. பாவம், சூரியனை ஏன் இழுத்தாய்?"

பன்றிகள் சிரித்துவிட்டன. சேந்தன் நேரே மான்களிடம் போய்த் தாகத்தைப் பற்றி மட்டும் பேசினான். அவற்றுக்கும் அதே கவலைதான். மான்கள் காய்ந்த ஓடையை மோந்து பார்த்து, ஈரம் இருக்கும் இடத்தைக் காட்டின. பன்றிகள் மூக்கால் மணலைத் தோண்டித் தள்ளின. கழுத்தளவு பள்ளத்தில் ஊற்று கசிந்தது.

எல்லாரையும் இடித்துக்கொண்டு முதலில் வாய் வைத்தவன் வல்லன்தான். மற்றவை தங்கள் முறைக்குக் காத்து நின்றன. தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது.

நீதி: சாமிக்காகச் சண்டை என்று யாராவது அழைத்தால், அழைப்பவருக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.