மந்தி கத்தியும் ஓடாத மான்கள்

மூங்கிலாற்றுக் காட்டில் ஒரு கல்லூரி இருந்தது. அதன் கால்பந்து டீம் முழுக்கப் புள்ளிமான்கள். ஓட்டத்தில் அவற்றை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் கிடையாது. ஆனால் கோப்பை என்று ஒன்றை அவை கையால் தொட்டதும் கிடையாது.

காரணம் இதுதான். மைதானத்தை ஒட்டி உண்ணிச்செடிப் புதர் அடர்ந்து கிடந்தது. பக்கத்து நாவல் மரத்தில் ஒரு மந்தி குடியிருந்தது. புதருக்குள் சிறுத்தை நுழைந்தால் மந்திக்கு மேலிருந்து தெரிந்துவிடும். உடனே "கர்ர்! கர்ர்!" என்று கத்தும். அவ்வளவுதான், மான்கள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓட்டம் பிடிக்கும். மேட்ச் நடக்கிறதா, பந்து காலில் இருக்கிறதா, எதையும் பார்க்காது. தலைமுறை தலைமுறையாக அப்படி ஓடித்தான் அவை உயிரோடு இருந்தன.

அந்த வருஷம் முதல் மேட்ச் முள்ளம்பன்றிகளோடு. மான்கள் இரண்டு கோல் போட்டுவிட்டன. இன்னும் கொஞ்ச நேரம்தான், ஜெயித்தாயிற்று. அப்போது பார்த்து மந்தி கத்தியது!

மைதானத்தில் ஒரு மான்கூட இல்லை. முள்ளம்பன்றிகள் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு அங்கேயே நின்றன. பிறகு ஆளில்லாத கோலுக்கு ஆடி அசைந்து போய், பந்தை மூன்று தடவை உள்ளே உருட்டிவிட்டன. பார்க்க வந்த கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது.

கேப்டன் கிளையனுக்கு அவமானம் தாங்கவில்லை. நல்ல உயரமான, கொம்புள்ள ஆண்மான் அது. "காடே நம்மளப் பார்த்துச் சிரிக்குது! இனிமே எப்படித் தலை காட்டுறது?" என்று புலம்பியது.

டீமுக்குப் புதிதாக ஒரு கோச் வந்திருந்தார். தடியப்பன் மாஸ்டர் என்ற காட்டுப்பன்றி. பாறை மாதிரி உடம்பு, அரிவாள் மாதிரி இரண்டு பல். அவர் மான்களை வரிசையாக நிற்க வைத்துக் கேட்டார்.

"உங்கள்ல யாராவது சிறுத்தையைப் பார்த்தீங்களா?"

"இல்ல மாஸ்டர்! நாங்கதான் ஓடிட்டோமே!"

"நான் ஓடல. அங்கேயேதான் நின்னேன். என்னை எது என்ன பண்ணிச்சு? ஒரு குரங்கு கத்துச்சுன்னு ஜெயிச்ச மேட்சைத் தூக்கிக் கொடுத்திருக்கீங்க! உங்களுக்கு எதிரி சிறுத்தை இல்ல, பயம்தான்!"

அவர் பொய் சொல்லவில்லை. பிறந்த நாள் முதல் அவர் எதைக் கண்டும் ஓடியதே இல்லை. எல்லோரும் தன்னைப் போல நின்றால் போதும் என்று மனதார நம்பினார். அதுதான் வினையாகப் போயிற்று.

"இன்னைலேருந்து ஒரே சட்டம்!" என்றார் மாஸ்டர். "விசில் ஊதினாதான் மைதானத்தை விட்டு நகரணும். மந்தி கத்தினா நகரக் கூடாது. ஓடுறவங்களுக்கு டீம்ல இடமில்ல!"

"சரி மாஸ்டர்!" என்று எல்லா மான்களும் கத்தின.

கோல்கீப்பர் பவளம் மட்டும் முன்னால் வந்தது. மெலிந்த பெண்மான் அது. "மாஸ்டர், ஒரு பக்கத்துக் கோலுக்குப் பின்னாடியே புதர் ஆரம்பிச்சுடுது. எல்லாரும் முன்னாடி ஆடப் போயிடுவாங்க. நான் அங்க தனியா நிக்கணுமே" என்றது.

"பயமா இருக்கா?"

"ஆமா மாஸ்டர். பயமாத்தான் இருக்கு."

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அன்றிலிருந்து அதற்கு 'மிரளி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பவளம் என்ற பெயரையே மறந்துபோனார்கள்.

பயிற்சி தொடங்கியது. மான்கள் ஆடிக்கொண்டிருக்கும்போது மாஸ்டர் திடீரென்று "கர்ர்!" என்று மந்தி போலவே கத்துவார். பயம் வந்தால் மானின் முன்னங்கால் தானாகத் தரையைத் தட்டும். தட்டிய மானுக்கு மைதானத்தைச் சுற்றி ஓட்டம்! நாளாக ஆக, கால் தட்டுவது நின்றது. பவளத்தின் கால் மட்டும் நிற்கவில்லை. பாவம், ஓடி ஓடி அது இன்னும் மெலிந்துபோயிற்று.

அடுத்த மேட்ச் முயல்களோடு. பாதி ஆட்டத்தில் மந்தி கத்தியது. முயல்கள் சிதறி ஓடின. மான்களுக்கும் உடம்பெல்லாம் நடுங்கியது. ஆனாலும் நின்றன. நின்று, காலியாகக் கிடந்த கோலுக்குள் ஆறு கோல் போட்டன. சிறுத்தை வரவே இல்லை.

"பார்த்தீங்களா!" என்று மாஸ்டர் துள்ளிக் குதித்தார். "எங்கடா உங்க சிறுத்தை?"

அதற்கப்புறம் மான்களுக்குத் தலைகால் புரியவில்லை. மேட்ச் மேலே மேட்ச் ஜெயித்தன. ஒவ்வொரு மேட்சிலும் மந்தி கத்தியது. ஒவ்வொரு மேட்சிலும் அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதோ, நம்ம மந்தி பாட்டுப் பாட ஆரம்பிச்சிட்டா!" என்று கேலி வேறு.

பவளத்துக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் நாவல் மரத்தடிக்குப் போயிற்று.

"மந்தி அக்கா, நிஜமாவே பார்த்துத்தான் கத்துறீங்களா?"

"பார்க்காம நான் ஒரு நாளும் கத்தினதில்லடி!" மந்தி கீழ்க்கிளைக்கு இறங்கி வந்தது. "ஒவ்வொரு மேட்சுக்கும் அது வருது. பாயல. படுத்துக்கிட்டு உங்களையே பார்க்குது. முதல்ல தூரத்து ஈச்சமரத்துக்கிட்ட இருந்துச்சு. அப்புறம் புத்துக்குப் பக்கத்துல. நேத்து கோலுக்குப் பின்னாடி ரெண்டாவது புதர்ல. ஜாக்கிரதை பவளம்!"

பவளம் கிளையனிடம் ஓடியது. விஷயத்தைச் சொன்னது.

"இவ்வளவு கிட்ட வந்தும் பாயலைன்னா, அதுக்கு நம்மளைப் பார்த்துப் பயம்னு அர்த்தம்!" என்றது கிளையன். "ஃபைனல் நேரத்துல டீமைக் கெடுக்காதே மிரளி! போய்த் தூங்கு!"

பவளம் தூங்கவில்லை.

அதே நேரம் புதருக்குள் சிறுத்தை படுத்திருந்தது. மிச்சம் மீதிக்காகப் பின்னாலேயே அலையும் நரி ஒன்று பக்கத்தில் குந்தியிருந்தது.

"அண்ணே, எத்தனை மேட்ச் சும்மாவே பார்க்கிறது? பசி உயிர் போகுது! பாய்ஞ்சா என்ன?"

"பாய்ஞ்சா அதுக ரெண்டு தாவுல தப்பிச்சிடும். மானை எவனால துரத்திப் பிடிக்க முடியும்?" சிறுத்தை மெதுவாகச் சொன்னது. "ஓடாம நிக்கிறதுக்கு அந்தப் பன்னி மாஸ்டர் அதுகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். என் வாசனை மூக்குல ஏறினாலும் நிக்கணும். அதுவரைக்கும் நல்லாப் படிக்கட்டும்."

நரிக்கே உடம்பு சிலிர்த்தது.

ஃபைனல் நாள் வந்தது. எதிர் டீம் காட்டெருதுகள். காடே திரண்டு வந்து மேட்டில் உட்கார்ந்தது. முதல் பாதியில் கிளையன் தலையால் முட்டி ஒரு கோல் போட்டது. கூட்டம் அதிர்ந்தது. இரண்டாம் பாதிக்கு இரண்டு டீமும் பக்கம் மாறின. இப்போது மான்களின் கோல், புதர்ப் பக்கம்.

பவளம் கோலுக்குள் போய் நின்றது. முதுகுக்குப் பின்னால் புதர். காற்றில்லை. ஒரு பூச்சிகூடச் சத்தம் போடவில்லை.

காட்டெருதுகள் முட்டி மோதிப் பார்த்தன. பவளம் ஒவ்வொரு பந்தையும் தடுத்தது. நேரம் முடியப் போகிறது. நடுவரான எறும்புத்தின்னி விசிலை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோயிற்று.

"கர்ர்! கர்ர்! கர்ர்!"

இப்படி மந்தி எப்போதும் கத்தியதில்லை. கிளையைப் பிடித்து உலுக்கியது. நாவல் இலைகள் கொட்டின. "பவளம்! பின்னாடி! பின்னாடிடீ!"

பவளத்தின் மூக்கில் அந்த வாசனை ஏறியது. முன்னங்கால் படபடவென்று தரையைத் தட்டியது. எதிரே ஒரு காட்டெருது பந்தோடு வந்துகொண்டிருந்தது.

"ஓடுங்க! எல்லாரும் ஓடுங்க!" என்று அலறிக்கொண்டே பவளம் கோலை விட்டுப் பாய்ந்தது.

"நில்லு! கோலை விட்டு நகராதே!" என்று தடியப்பன் மாஸ்டர் கர்ஜித்தார்.

எந்த மானும் ஓடவில்லை. அத்தனை மாதமாகப் படித்த பாடம், அசையாமல் நின்றன. காட்டெருது ஓங்கி உதைத்தது. பந்து காலியான கோலை நோக்கிப் பறந்தது.

"பயந்தாங்கொள்ளி!" என்று பல்லைக் கடித்த கிளையன், பவளத்தைத் தாண்டிக் கோலுக்குப் பாய்ந்தது.

"வேணாம் அண்ணா! போகாதீங்க!"

கிளையன் எகிறியது. கொம்பால் பந்தைத் தட்டி வெளியே தள்ளியது! கூட்டம் எழுந்து நின்று கூத்தாடியது. கிளையன் கோல் நடுவில் நின்று, தலையை நிமிர்த்தி, அந்த ஆரவாரத்தைக் கேட்டது. விசிலும் ஒலித்தது. ஜெயித்தாயிற்று!

புதர் ஒரே ஒரு தடவை அசைந்தது.

ஆரவாரம் அலறலாக மாறியது. மேட்டில் இருந்த கூட்டம் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து ஓடியது. எறும்புத்தின்னி சுருண்டுகொண்டது. மான்கள் இப்போதுதான் ஓடின. திரும்பிப் பார்க்கும்போது கோலுக்குள் யாரும் இல்லை. மண்ணில் இழுத்துப்போன தடம் மட்டும் புதர்வரை நீண்டிருந்தது.

மறுநாள் காட்டெருது கேப்டன் கோப்பையைக் கொண்டுவந்து மான்கள் முன்னால் வைத்தது. "முறைப்படி நீங்கதான் ஜெயிச்சீங்க" என்று சொல்லிவிட்டுத் தலைகுனிந்து போயிற்று. கோப்பையை எடுக்க ஒரு மானும் முன்வரவில்லை. பவளம் விடிய விடிய அழுது கண் வீங்கியிருந்தது.

தடியப்பன் மாஸ்டர் தரையைப் பார்த்தபடி முனகினார். "நானும் இத்தனை நாளா அதே புதருக்குப் பக்கத்துலதானே நின்னேன். என் மேல ஒரு தடவைகூடப் பாயலையே!"

பவளம் அவரை நிமிர்ந்து பார்த்தது.

"உங்க மேல எப்படிப் பாயும் மாஸ்டர்? நீங்க மான் இல்லையே!"

தனக்கு ஆபத்து இல்லாதவர் சொல்லும் தைரியத்தைக் கேட்டு, நம் உயிரைக் காக்கும் பயத்தை விட்டுவிடக் கூடாது.