மொச்சை பிடுங்காத கிளை

மேட்டுக்காட்டின் ஓடை வறண்டு, மான்கள்கூட நாக்கைத் தொங்கப்போட்டுத் திரிந்த காலம் அது. அந்தக் காட்டின் தூதர் மொச்சை என்ற முயல். அவள் ஏழு மலை தாண்டி ஊசியிலைக்காட்டுக்குப் போய் உதவி கேட்டாள்.

அங்கே வாழ்ந்தவர்கள் பீவர்கள் என்ற நீர்விலங்குகள். பல்லாலேயே மரத்தை வெட்டி ஓடையில் அணை கட்டுவதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. கிழப் பீவர் கம்பளியார் தலைமையில் ஒரு கூட்டமே கிளம்பி வந்தது. கல்லாக இறுகிய மரத்தைக் கடித்ததில் கம்பளியாரின் முன்பல் ஒன்று உடைந்தது. “பல்லுதானே, போனாப் போகுது!” என்று சிரித்தார் அவர். அணை எழுந்தது. அடுத்த மழையில் குளம் நிறைந்தது.

அதுமுதல் வசந்தம்தோறும் பீவர்கள் வந்து அணையைச் செப்பனிட்டுக் கொடுத்தார்கள். கம்பளியார் வரும் நாளுக்காக மொச்சை ஆண்டு முழுக்கக் காத்திருப்பாள்.

நாலாம் ஆண்டு பனிக்காலத்தில் அணை உடைப்பெடுத்தது. பீவர்கள் வர இன்னும் மாதங்கள் இருந்தன. காட்டுப்பன்றிகள் சேறு தள்ளின, அணில்கள் சுள்ளி சுமந்தன. பார்த்துப் பார்த்துப் பழகிய வேலைதானே! உடைப்பு அடைபட்டது.

வசந்தம் பிறந்ததும், என்ன உதவி வேண்டும் என்று கேட்டுப்போக ஊசியிலைக்காட்டுத் தூதர் நாரையார் வருவதாகச் செய்தி வந்தது. மேட்டுக்காட்டு மந்திரி நரியார் மொச்சையிடம் ஓடி வந்தார்.

“மொச்சை! அணை நல்லா இருக்குன்னு தெரிஞ்சா அவங்க ஏன் வரப்போறாங்க? நாலு கிளையை உருவி விடு. தண்ணி கொஞ்சம் ஒழுகட்டும்!”

“அது ஏமாத்துறது இல்லையா, மந்திரியாரே?”

“உதவி நின்னா உறவும் நின்னுடும்! அப்புறம் உன் கம்பளியாரை நீ கண்ணாலயும் பார்க்க முடியாது!”

அந்தப் பேச்சு மொச்சையை ஆட்டிவிட்டது. விடிந்ததும் அணைக்குப் போய் ஒரு கிளையைப் பற்றினாள். அதில் பல் பட்ட தடம் இருந்தது. ஒரு பக்கம் ஆழமாக, மறுபக்கம் ஒன்றுமே இல்லாமல். உடைந்த பல்லோடு கம்பளியார் கடித்த கிளை! மொச்சைக்குக் கண் கலங்கியது. கிளையை விட்டுவிட்டாள்.

நாரையார் வந்து இறங்கினார். “என்ன உதவி வேணும், சொல்லுங்க!”

“எதுவும் வேண்டாங்க. அணையை இனி நாங்களே பார்த்துக்கிறோம். நீங்க செஞ்சதை உசிர் உள்ளவரைக்கும் மறக்க மாட்டோம்!”

நாரையார் குளத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். அப்படியே பறந்துபோனார்.

“கெடுத்தியே காரியத்தை!” என்று நரியார் தலையில் அடித்துக்கொண்டார். பத்து நாள் போயிற்று. பீவர் கூட்டம் வரவில்லை. மொச்சை கரையை விட்டு நகரவே இல்லை.

பதினோராம் நாள் தண்ணீர் சலசலத்தது. கம்பளியார், தன்னந்தனியாக!

“கூட்டம் எங்கங்க?”

“இன்னொரு காடு வறண்டு கிடக்கு, அங்க போயிருக்காங்க. நீ போதும்னு சொன்னதாலதான் அந்தக் காட்டுக்கு விடிஞ்சது.” கம்பளியார் கரையேறி அவள் பக்கத்தில் சாய்ந்தார். “மூணு வருஷம் வந்தேன். ஒரு நாளாவது உன்கூட உட்கார்ந்து பேச நேரம் இருந்துச்சா? இந்தத் தடவை விருந்தாளியா வந்திருக்கேன். சாப்பிட என்ன வச்சிருக்கே?”

மொச்சை சிரித்துக்கொண்டே அழுதாள். நரியார் போய், ஒரு கொத்து இளந்தளிர் கொண்டுவந்து வைத்தார்.

கைகொடுத்தவருக்கு நாம் செய்யும் பெரிய நன்றி, அந்தக் கையால் எழுந்து நின்றுவிட்டோம் என்பதை ஒளிக்காமல் சொல்வதே.