இரண்டாய் வெட்டிய மயில்

அம்பலவாணருக்கு ஊரில் துணிக்கடை இருந்தது. ஆனால் அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் கடை நினைவுக்கு வராது, போர்வைதான் நினைவுக்கு வரும். மிஞ்சிய துண்டுத் துணிகளை ஒன்றோடொன்று இணைத்து, உள்ளே பஞ்சு வைத்து, கையாலேயே ஒட்டுப்போர்வை தைப்பார். விற்பதற்கு அல்ல. அதில் அவருக்கு அப்படி ஒரு ஆனந்தம்.

ஒரு தடவை போர்வையில் ஆடும் மயில் ஒன்றைத் தைத்தார். திருவிழாவில் அதைப் பந்தலில் கட்டினார்கள். பார்த்தவர்கள் அண்ணாந்தபடியே நின்றார்கள். "இனி இவரே நினைத்தாலும் இப்படி ஒன்று தைக்க முடியாது" என்றார் ஒருவர். புகழ்ச்சியாகத்தான் சொன்னார்.

அந்தச் சொல் முள்ளாக ஏறிவிட்டது. அடுத்த போர்வையில் நாலு தையல் போடுவார், மயில் கண்முன் வந்து நிற்கும், பிரித்துவிடுவார். பிரித்துப் பிரித்துத் துணி நைந்ததுதான் மிச்சம். கடைசியில் மயிலைத் தன் குரு பூரணி அம்மையிடம் கொடுத்துவிட்டு, ஊசியைத் தொடுவதையே விட்டார்.

பூரணி அம்மை மலையடிவாரத்தில் குடிலில் இருந்தார். வயதில் அம்பலவாணருடைய மகளைவிட இளையவர். 'நரைத்த சீடர், கறுத்த குரு' என்று ஊரில் சிரிப்பார்கள். இருவருமே அதைக் கேட்டுச் சிரித்தவர்கள்தான்.

வருடங்கள் போயின. ஒரு மார்கழிக் காலையில் அம்பலவாணர் குடில் வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, விரல் நமநமவென்கிறது. மறுபடியும் தைக்க ஆசை. உட்கார்ந்தால் பயம். விட்ட வேலையை எப்படித் தொடங்குவது?"

உள்ளே ஒரு குழந்தை அழுதது. அதற்குப் போட்டியாக இன்னொன்று அழுதது.

"என்ன சத்தம் அம்மா?"

"முந்தாநாள் மழைக்கு ஒரு பெண் ஒதுங்கினாள். இங்கேயே வலி கண்டது. ஒன்று என்று நினைத்தோம். இரண்டு. உள்ளே வந்து பாரும்."

பச்சைநாயகி என்ற அந்தப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு மூட்டைகள். ஒரு மூட்டையில் மயிலின் தலை தெரிந்தது. மற்றதில் தோகை தெரிந்தது.

அம்பலவாணர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வெட்டினீர்களா?"

"வெட்டினேன்" என்றார் அம்மை.

"என் மயிலையா!"

"கழுத்தோடு. அங்கேதான் சரிபாதி வந்தது."

அப்போதுதான் வாசலுக்கு வண்டியை ஓட்டி வந்த பச்சைநாயகியின் கணவன் காத்தான், அதில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தான். "சீக்கிரம் புறப்படு. பொழுது சாயறதுக்குள்ள மலையேறணும். மேல பனி கொட்டுது" என்று குரல் கொடுத்தான்.

அம்பலவாணர் குனிந்து பார்த்தார். வெட்டிய ஓரம் பிசிறாகி, தையல் விட்டு, பஞ்சு வெளியே எட்டிப் பார்த்தது.

"இப்படியே போனால் பாதி வழியிலேயே பஞ்சு உதிர்ந்துவிடுமே."

"உதிரும்" என்றார் அம்மை.

"பிள்ளைகள் குளிரில் என்ன செய்யும்?"

"நடுங்கும்."

அம்பலவாணர் அம்மையைப் பார்த்தார். அம்மை அடுப்பைப் பார்த்தார்.

"ஊசி இருக்கிறதா?"

"சாக்குத் தைக்கிற ஊசிதான் இருக்கிறது."

"கொடுங்கள்."

இரு பிள்ளைகளையும் தோகைக்குள் சேர்த்துச் சுருட்டிவிட்டு, தலைப் பாதியை எடுத்தார். கை மரத்திருந்தது. ஊசி துணியைவிட விரலைத்தான் அதிகம் குத்தியது. முதல் வரிசை, நண்டு நடந்த தடம் போலக் கோணலாகப் போனது. பிரிக்கலாமென்று நகத்தை வைத்தார். வாசலில் மாட்டின் கழுத்துமணி குலுங்கியது. நகத்தை எடுத்துக்கொண்டார். மேலே தைத்தார்.

ஓரம் முடிந்ததும் பச்சைநாயகி மெதுவாகக் கேட்டாள். "ஐயா, மூத்தவனுக்குத் தலை மட்டுந்தானா? இளையவளுக்கு வெறும் தோகையா? நாளைக்கு ரெண்டும் சண்டை போடுமே!"

அம்பலவாணர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஊசியைப் பார்த்தார்.

"துணி ஏதாவது இருக்கிறதா?"

அவள் தன் பழைய சிவப்புச் சேலையில் ஒரு முழம் கிழித்துக் கொடுத்தாள். தலைக்குச் சிவப்புத் தோகை முளைத்தது. பிள்ளைகளை அதற்குள் மாற்றிச் சுருட்டிவிட்டு, அம்மை தன் காவி மேல்துண்டின் ஓரத்தைக் கிழித்து நீட்டினார். தோகைக்குக் காவித் தலை முளைத்தது. அதற்குள் விரல்கள் பழைய ஓட்டத்துக்கு வந்திருந்தன. ஊசி குதித்துக் குதித்துப் போனது. அம்பலவாணர் ஏதோ ராகம் முணுமுணுத்தார். அவருக்கே அது தெரியவில்லை.

கடைசி முடிச்சைப் போட்டு விரித்துக் காட்டினார். பச்சைநாயகி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயா, இது கோழி!"

"இருக்கட்டுமே. மயிலுக்குக் கோழி பங்காளிதானே" என்றார் அம்பலவாணர். அவரும் சிரித்தார். காத்தான் எட்டிப் பார்த்தான். அவனும் சேர்ந்துகொண்டான். சிரிப்புச் சத்தத்தில் பிள்ளைகள் விழித்து அழுதன. போர்வையைப் போர்த்தியதும் அடங்கின.

வண்டி கிளம்பியது.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்பலவாணர் தலையைச் சொறிந்தார். "அம்மா, அந்தக் கொண்டையைக் கொஞ்சம் சாய்த்து வைத்திருக்கலாம். முதல் வரிசையும் சரியில்லை. பிரித்துத் தைத்திருந்தால்…"

"வண்டி இன்னும் ஓடையைத் தாண்டவில்லை" என்றார் அம்மை. "ஓடிப்போய்ப் பிள்ளைகள் மேலிருந்து உருவிக்கொண்டு வாரும்."