இடது கன்னத்துக்கு என்ன வைத்தியம்?

கிட்டே வாங்க, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. இது முகத்தைப் பற்றிய கதை. ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரிந்தால்தான் ருசிக்கும்.

வெகு காலத்துக்கு முன்னே தாழைக்கோட்டைச் சீமையைச் செண்பகராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. அவனுக்குக் கண்ணாடி பிடிக்கிற வேலை பவளாயிக்கு. தலைப்பாகை கட்டி முடிகிறவரை, துலக்கிய வெண்கலக் கண்ணாடியை அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"எப்படி இருக்கு பவளாயி?" என்பான் ராஜா.

"பொட்டு கொஞ்சம் வலப்பக்கம் ஓடுது மகாராஜா" என்பாள். உடனே திருத்திக்கொள்வான்.

ஒப்பனை அதிகாரி சிங்காரநாதருக்கு வயிறு எரிவது அங்கேதான். பட்டும் பன்னீரும் அவர் பொறுப்பு. யோசனை கேட்பது மட்டும் கண்ணாடிக்காரியிடமா?

இப்படி இருக்கையில் ஒரு நாள் ஓலை வந்தது. கல்யாணமாகிக் கடல்தாண்டிப் போன இளவரசி பன்னிரண்டு வருஷம் கழித்து வருகிறாள். இன்னும் பத்தே நாள். ராஜாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. துள்ளிக் குதித்துக் குளிக்கப் போனவன், தண்ணீர் நிறைந்த பெரிய வெள்ளி உருளியில் தன் முகத்தைக் குனிந்து பார்த்தான். கன்னம் இரண்டும் கீழே தொங்கின. தாடைக்கு அடியில் ஒரு மடிப்பு வேறு.

"ஐயையோ! யாருடா இந்தக் கிழவன்? என் மகள் வந்து, அப்பா எங்கேன்னு என்கிட்டேயே கேட்பாளே!"

சிங்காரநாதர் ஓடி வந்தார். "இந்தப் பவளாயி கண்ணாடியை நேரே பிடித்துப் பிடித்தே இத்தனை நாள் மறைத்திருக்கிறாள் அரசே. எனக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவர் இருக்கிறார். தொங்கின முகத்தைத் தூக்குவதில் சூரர்."

அன்றைக்கே சபைக்கு உருளியும் கட்டிலும் வந்தன, வைத்தியரும் வந்தார். முட்டை வெள்ளைக்கருவையும் படிகாரத்தையும் குழைத்து ராஜா முகத்தில் பற்றுப் போட்டார். கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, மேலே கண்ணாடியைக் காட்டினார். கன்னங்கள் காதுப் பக்கம் போய் ஒட்டிக்கொண்டிருந்தன!

"இருபது வயசு குறைஞ்சுபோச்சே!" என்று ராஜா எழுந்து ஓடி உருளியில் குனிந்தான். மறுபடியும் பழைய கிழவன்.

"பற்று நிற்காது அரசே" என்றார் வைத்தியர். "நிலைக்கணும்னா காதோரம் தோலைக் கீறி, இழுத்துத் தைக்கணும். நாளைக்கே நல்ல நாள்."

கத்தி ஓடப்போகிற இடம் கண்ணுக்கு இரண்டு விரற்கடை தள்ளித்தான். பவளாயி குறுக்கே வந்து நின்றாள். "வேண்டாம் மகாராஜா."

"வேண்டாமா? அப்போ நீயே ஒரு வைத்தியம் சொல்லு! பலிச்சா இங்கே இரு. பலிக்கலையா, கண்ணாடியோட நாட்டை விட்டுப் போ. இல்லை, கண்ணாடியை வெச்சிட்டுப் போ!"

பவளாயி நின்று யோசித்தாள். தொங்கினது எப்போது? குனிந்து பார்த்தபோது. தூக்கினது எப்போது? படுத்துப் பார்த்தபோது. அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்துவிட்டது.

"சிங்காரநாதர் ஐயா, நீங்க ஒருதரம் இந்த உருளியில பாருங்களேன்."

"என் முகத்துக்கு என்ன கேடு? முப்பத்திரண்டு வயசு. பளிங்கு மாதிரி இருக்கு."

"அதனாலதான் கேக்கிறேன்."

அவர் குனிந்தார். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"தண்ணி சரியில்லை" என்றார் மெதுவாக.

"பாருங்க மகாராஜா, கன்னம் ரெண்டும் தோசைமாவு மாதிரி வழியுது. பாவம், சின்ன வயசு! வைத்தியரே, கத்தியை முதல்ல இவருக்கு வையுங்க. இவருக்கு ஆறினதும் ராஜாவுக்கு வைக்கலாம்."

சிங்காரநாதர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் பாய்ந்தார். "எனக்கு எதுக்குக் கத்தி? குனிஞ்சா எவனுக்கும் தொங்கும்!"

சபையே ராஜாவைத் திரும்பிப் பார்த்தது.

"குனிஞ்சா எவனுக்கும் தொங்குமா?" என்றான் ராஜா.

"சொன்னது நானில்லை மகாராஜா" என்றாள் பவளாயி.

முகத்தைக் கழுவச் சொல்லி, பற்று எதுவும் இல்லாமல் ராஜாவை மறுபடியும் படுக்கவைத்து மேலே கண்ணாடி பிடித்தாள். அதே இருபது வயசு குறைந்த முகம்! கட்டில் குலுங்கக் குலுங்கச் சிரித்தான் ராஜா. வைத்தியர் கத்திப் பையைச் சுருட்டிக்கொண்டு எப்போது நழுவினாரோ, யாரும் பார்க்கவில்லை.

எழுந்து நேராகப் பார்த்தபோது ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "பொய் சொல்லாதே பவளாயி. நேரே பார்த்தாலும் இந்த இடது கன்னம் தொங்கத்தானே செய்யுது?"

"தொங்குது மகாராஜா. முப்பது வருஷமா வெற்றிலையை அங்கேயே அடக்கினா பை மாதிரி ஆகாம என்ன செய்யும்? மருந்து இருக்கு. இளவரசி வர்ற அன்னைக்குத் தர்றேன். அதுவரைக்கும் வெற்றிலை பக்கமே போகக்கூடாது."

"பத்து நாளா!"

"பத்து நாள்தான்."

ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தான். கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். "கத்தியிலிருந்து காப்பாத்தினதுக்கு இது. மருந்து பலிக்கலைன்னா மாலையோட நாடு கடத்துவேன். சிங்காரநாதரே! இன்றிலிருந்து நான் வெற்றிலை எச்சில் துப்புகிற படிக்கத்தைப் பிடிக்கிற வேலை உமக்கு."

ராஜாவுக்கோ வெற்றிலை இல்லை. காலிப் படிக்கம்தானே என்று சிங்காரநாதர் மனசைத் தேற்றிக்கொண்டார்.

பத்தாம் நாள். இளவரசி பல்லக்கிலிருந்து இறங்கினாள். அரண்மனை வாசலில் நிற்கிறவரைப் பார்த்தாள். ஒரு அடி எடுத்துவைத்தாள், நின்றாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

ராஜாவுக்கு வேர்த்துக் கொட்டியது. "பவளாயி! மருந்து!"

அவள் மடியிலிருந்து எடுத்தது, கிராம்பு குத்தின ஒரு வெற்றிலைச் சுருள். ராஜா வாயில் போட்டு, பழக்கப்பட்ட இடத்தில் அடக்கினான். தொங்கின தோல் நிறைந்து, இடது கன்னம் பந்து மாதிரி எழும்பிற்று.

"அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள் இளவரசி. சின்ன வயசில் செய்கிற மாதிரியே ஒரு விரலால் அந்தக் கன்னத்தை அழுத்தினாள். ராஜாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. உதட்டோரம் சிவப்பு வழிந்தது.

பவளாயி சிங்காரநாதரைத் திரும்பிப் பார்த்து, படிக்கத்தைக் கிட்டே கொண்டுவரச் சொல்லிக் கை காட்டினாள்.